கிணற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்த ஆலங்கட்டி

என் வயதுக்காரர்களே, வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்குத் தணியவில்லை. முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன சித்திரையில் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது அது இன்னும் கூடிப்போயிற்று. காரணம் ஒரு கார்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். வானம் கறுத்தது, சடசடவென்று ஆலங்கட்டி கொட்டியது. பத்து நிமிஷம்தான். மாடித் தொட்டிச் செடியெல்லாம் கிழிந்து தொங்கின. எதிர் வீட்டு சோலார் தகடு உடைந்தது. தெருவில் நின்ற கார்கள் எல்லாம் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி ஆயின, மகளுடைய காரும்தான். பால்கனிக்குப் பால்கனி ஜனங்கள் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அடுத்த தெரு இஸ்திரிக்காரர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார். அங்கே ஒரு சொட்டுக்கூட இல்லையாம். கொடியில் போட்ட துணி காய்ந்தபடியே கிடக்கிறதாம்.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும், தமிழ் பேசினான். அடுத்த தெருவில் விழவில்லையே, இவன் நம்புவானா என்று நான் வாசலுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "ஏம்மா இப்படிப் பயப்படறே?" என்று மகள் சிரித்தாள். அவனோ காரைச் சுற்றி வந்தான், நாலு படம் எடுத்தான். "ஆலங்கட்டி அப்படித்தாம்மா. கோடு போட்ட மாதிரி வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாசம், அந்தப் பக்கம் வெயிலடிக்கும்" என்றான். அவ்வளவுதான், நம்பிவிட்டான். ஒரு காரின் நெளிசலுக்காக இரண்டு நிமிஷத்தில் நம்பிவிட்டான்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. இதே பேச்சை ஒன்பது வயதில் நான் பேசினேன். அன்று என் முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். திடீரென்று ஒரு நாள் பஸ் ஓடாது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு வியாபாரம் பண்ணுவார்கள். கேட்டவர்கள் படிப்பு கேட்டார்கள், வேலை கேட்டார்கள். கேட்கட்டும். அதில் நியாயம் எவ்வளவு என்று வழக்காட நான் வரவில்லை. அந்தச் சண்டையில் எங்களுக்கு ஒரு பங்கும் கிடையாது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் கல்வராயன் மலைக்காரர்கள். அம்மா பிறந்தது கரியாலூர். மலையடிவாரத்தில் ஒருவருடைய மாந்தோப்புக்குக் காவல் இருக்க அப்பா கீழே இறங்கி வந்திருந்தார். தோப்பின் மேற்கு ஓரத்தில் எங்களைப் போல மலையிலிருந்து வந்தவர்களின் ஏழு புல்வேய்ந்த குடிசைகள். தோப்பின் கிழக்கு எல்லையில் மாடு கட்டி இறைக்கிற ஒரு பெரிய கமலைக் கிணறு. கிணற்றைத் தாண்டி அரை மைல் நடந்தால் மெயின் ரோடும், ரோட்டின் மேலேயே தோப்புக்காரர் வீடும் வரும். அந்தக் கிணற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பங்குனியில் அப்பாவுக்கு ஒரு தபால் வந்தது. ஃபாரஸ்ட் வாட்சர் வேலை. ஏழு குடிசைக்கும் சேர்த்து அதுதான் முதல் சர்க்கார் உத்தியோகம். சித்திரை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கு முன்னால் போலீசில் நடத்தைச் சான்று வாங்க வேண்டும். அம்மா அந்தப் பழுப்புக் கவரைச் சாமைப் பானைக்குள் புதைத்து வைத்தாள். யார் வந்து கேட்டாலும் சாமை கொட்டக் கொட்ட எடுத்துக் காட்டுவாள். அப்பா கள்ளக்குறிச்சியில் காக்கித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

"காக்கி போட்டுக்கினு வந்தா ஒங்கப்பன எனக்கே அடையாளம் தெரியாதுடி" என்று அம்மா சிரிப்பாள்.

அப்பா தோப்புக்காரரிடம் போய்ச் சொன்னபோது நானும் கூடப் போயிருந்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நல்லதுடா. ஆனா நீ பூட்டா தோப்ப எவன்டா பாத்துக்குவான்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை ரோட்டில் மூன்று புளியமரம் விழுந்துவிட்டது என்று பால்காரர் சொல்லிக்கொண்டு போனார். வெட்டியவர்கள் யாரென்று ஊரில் தெரியாதவர் கிடையாது. தோப்புக்காரரின் மகனும் அதில் ஒருவன். காலையிலேயே ஒரு பையை மாட்டிக்கொண்டு தோப்பு வழியாகச் சைக்கிளில் சின்னசேலம் பக்கம் போனான். சேலத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு சொன்னார்கள். அப்பா அப்போது குடிசைக்குப் பின்னால் காய்ந்த மாங்கிளையை அடுப்புக்குப் பிளந்துகொண்டிருந்தார். "இன்னா தம்பி, எங்க போய்க்கினு இருக்கற?" என்று கேட்டார். அவன் இன்னும் வேகமாக மிதித்துக்கொண்டு போனான்.

மத்தியானம் புழுக்கம் தாங்கவில்லை. மலைப்பக்கம் வானம் கறுப்பாக இல்லை, அடிபட்டுக் கன்றிய இடம் மாதிரி பச்சையாக இருந்தது. காற்று நின்றது. முதலில் ஆட்டுப்பட்டியின் தகரத்தில் ஒரே ஒரு 'டங்'. அப்பா தலையை நிமிர்த்தினார். அடுத்த நொடி காது அடைத்துவிட்டது. நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு. கூரைப்புல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஆடுகள் கத்தியது கேட்கவே இல்லை, வாய் திறந்து திறந்து மூடியதுதான் தெரிந்தது. மாங்காய்கள் கொத்தோடு விழுந்தன.

"இரும்பு எதுனா எடுத்து வெளிய போடுடி!" என்று அம்மா அலறினாள்.

எங்களில் அப்படி ஒரு வழக்கம். ஆலங்கட்டி விழுந்தால் வாசலில் இரும்பை எறிய வேண்டும். இரும்பைக் கண்டால் அது நின்றுவிடும். எறிந்ததை மறுநாள் வெயில் ஏறும்வரை எடுக்கக் கூடாது, எடுத்தால் திரும்பி வரும். அம்மா எப்போதும் அரிவாள்மனையைத்தான் போடுவாள். அன்று நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு பெரிய மழைக்கு அரிவாள்மனை போதாது என்று நினைத்தேன். கதவோரம் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் கோடாலியை இரண்டு கையாலும் தூக்கி வாசலில் எறிந்தேன். பக்கத்துக் குடிசைகளிலும் கடப்பாரை, கொடுவாள், கோடாலி என்று அவரவர் கைக்குக் கிடைத்ததை எறிந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. "பார்றா, எம் பொண்ணு போட்ட கோடாலிக்குப் பயந்துகினு ஓடிப்போச்சி" என்று அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு அப்படி ஒரு பெருமை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தோப்பு முழுக்க வெள்ளை. நசுங்கிய மாவிலையும் மாங்காய்ப் பாலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நாங்கள் பிள்ளைகள் கால் விறைக்க விறைக்க ஓடினோம். கிணற்றடி வரை ஓடினோம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் அளவுக்கு ஆலங்கட்டி. அந்தப் பக்கம் புழுதி. நனையாத புழுதி. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நின்றேன். ஒரு பாதம் மரத்துப்போனது, ஒரு பாதம் சுட்டது. அதை விளையாட்டு என்று நினைத்து அரை மணி நேரம் நின்றோம்.

வீட்டுக்கு வந்து ஒரு தூக்குவாளி நிறைய ஆலங்கட்டியை அள்ளி, அடுப்புக்கு வைத்திருந்த உமி மூட்டைக்குள் புதைத்தேன். ஐஸ் விற்கிறவர் மரத்தூளில் வைப்பதைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். மறுநாள் ஐஸ் கடை வைத்து விளையாடலாம் என்று திட்டம்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. மரம் கிடந்ததால் ஜீப் ரோட்டில் நின்றது, ஆறு பேர் நடந்து வந்தார்கள். தரையில் ஒரு ஆலங்கட்டி மிச்சமில்லை. வாசலுக்கு வாசல் இரும்பு கிடந்தது. மூன்று வாசலில் கோடாலி, ஈரம் காயாத கோடாலி.

இன்ஸ்பெக்டர் அப்பாவின் கோடாலியைக் காலால் புரட்டினார். "மரத்த வெட்டிப்புட்டு அவசரத்துல போட்டுட்டுப் படுத்துட்டீங்களா?"

"இல்லிங்க சார். நேத்து ஆலங்கட்டி வுழுந்துச்சி. இரும்பு போட்டா நிக்கும்னு எங்கள்ல ஒரு வழக்கம்ங்க."

"ஆலங்கட்டியா? நாங்க ரோட்டு மேலயே நேத்து பூரா நின்னுகினு இருந்தோம். எங்க தலையில ஒண்ணும் வுழலியே?"

அப்போதுதான் நான் முன்னால் போனேன். "கெணத்துக்கு இந்தாண்ட வுழுந்துச்சி சார். அந்தாண்ட வுழல. நான் ரெண்டு பக்கமும் கால வெச்சிப் பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். "கேட்டியாய்யா? மழை கோடு கிழிச்சிக்கினு பெய்யுதாம்." ஆறு பேரும் சிரித்தார்கள். கிழிந்த இலைகளைக் காட்டினாள் அம்மா. காற்றில் உதிர்ந்தது என்றார்கள்.

அப்பா அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை அவர் செத்த பிறகும் என்னால் விட முடியவில்லை. "எங்க ஐயாவக் கேளுங்க சார். அவரு சொல்வாரு" என்றார். கையைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார்.

அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் நடத்திக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். தோப்புக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"நேத்து இங்க ஆலங்கட்டி வுழுந்துச்சாங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். "இங்கயா? தூத்தல் கூட இல்லிங்களே. அதோ வடாம் காயுது பாருங்க" என்றார். நிஜமாகவே ஒரு பாயில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. ஏட்டு அதை எழுதிக்கொண்டார்.

"ஐயா..." என்றார் அப்பா. தோப்புக்காரர் உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பி ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "ஒன் வாளி எங்கடி?" என்றாள். உமியைக் கிளறிப் பார்த்தோம். அடியில் புளியங்கொட்டை அளவில் கொஞ்சம் கட்டிகள் மிச்சமிருந்தன. உமியோடு சேர்த்து வாளியில் அழுத்தி, ஈரச் சாக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். பஸ் இல்லை. சித்திரை வெயிலில் நடந்தோம், நடந்தோம் என்பதைவிட ஓடினோம். முதலில் வாளிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. பாதி வழியில் சத்தம் மாறியது. அப்புறம் களக் களக் என்று தண்ணீர் ஆடும் சத்தம் மட்டும்தான். எனக்குக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அம்மா இன்னும் வேகமாக ஓடினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்து லத்தி நுனியால் கிளறினார். "இன்னாம்மா இது? உமிக் கஞ்சியா?"

"ஆலங்கட்டிங்க சார். வர்ற வழியில கரைஞ்சிடுச்சி."

அவர் அதை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வாளியைத் திருப்பிக் கொடுத்தார். சொல்லப்போனால் அவர் எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட இவ்வளவு காலம் வலித்திருக்காது.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. பத்து நாள் கழித்து, கிராம நிர்வாக அதிகாரி கையில் நோட்டோடு தோப்புக்கு வந்தார். தோப்புக்காரர் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். நான் ஆட்டுப்பட்டியில் இருந்தேன். தோப்புக்காரர் மரம் மரமாக நின்று பட்டையைத் தடவிக் காட்டினார்.

"பாருங்க, இது ஆலங்கட்டி அடிச்ச காயம். இதும் அதான். ஒரு மாங்கா மிஞ்சல. நல்லா எழுதிக்கங்க. நெவாரணத்துக்கு நான் மனு குடுத்திருக்கேன்."

கிராம அதிகாரி எந்தத் தேதியில் விழுந்தது என்று கேட்டார். இவர் தேதியைச் சொன்னார், நேரத்தையும் சொன்னார். அவரும் எழுதிக்கொண்டார்.

நான் ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்தேன். அம்மா தோப்புக்காரர் முன்னால் என்றைக்கும் நிமிர்ந்து நின்றவள் இல்லை. அன்று நின்றாள்.

"ஐயா, போலீசு கேட்டப்ப வுழலன்னு சொன்னீங்களே?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க வூட்டாண்ட நின்னுகினு கேட்டாங்க. எங்க வூட்டாண்ட வுழல. நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

"தோப்புல வுழுந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் புருசன் இங்க இருந்திருப்பாரே!"

"தோப்பப் பத்தி அவுங்க கேக்கலியேம்மா."

"ஒங்க மாங்கா மேல வுழுந்தது எங்க தல மேல வுழலிங்களா?"

கிராம அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார். புரிகிறதா உங்களுக்கு? அன்று முதல் அந்த ஊரைப் பற்றி சர்க்காரிடம் இரண்டு தாள் இருந்தன. ஒரு தாளில் ஆலங்கட்டி விழுந்தது, ஒரு தாளில் விழவில்லை. இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள். மாங்காய்க்கு விழுந்தது, மனுஷனுக்கு விழவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அப்படி ஒன்று கேட்கலாம் என்பதே தெரியாது. எனக்கு அது உறைத்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? தன் மகன் தப்பிக்க வேறு ஆள் மாட்டியது வசதி என்று செய்தார் என்பேன் நான். காவல்காரன் சர்க்கார் வேலைக்குப் போய்விடக் கூடாது என்று செய்தார் என்பாள் அம்மா. இரண்டுமாகவும் இருக்கும். எதுவாக இருந்தால் என்ன, நாசமாய்ப் போகட்டும்.

அப்பா ஆடி பாதியில் ஜாமீனில் வந்தார். கவரில் போட்டிருந்த தேதி எப்போதோ கடந்துவிட்டது. மரம் வெட்டிய வழக்கு இருக்கிற ஆளுக்கு மரத்தைக் காக்கிற வேலையை யார் கொடுப்பார்கள்? தைத்து வைத்த காக்கிச் சட்டையை அவர் போய் வாங்கவே இல்லை. நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரியாலூருக்கு, மாமா வீட்டுக்கு ஏறிப்போனோம். வாய்தா வாய்தா என்று அப்பா மலையிறங்கி மலையேறினார். கடைசியில் சாட்சி இல்லை என்று மூன்று பேரையும் விட்டார்கள்.

அன்று அப்பா என்ன கேட்டார் தெரியுமா? வேலையைக் கேட்கவில்லை. போன காலத்தைக் கேட்கவில்லை. "எங் கோடாலி, சார்?" என்று கேட்டார். அது வழக்குப் பொருள், எங்கே இருக்கிறதோ தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய அப்பா கையாண்ட கோடாலி அது, காம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். அதற்குப் பிறகு விறகு பிளக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பிளந்துவிட்டு, அன்றைக்கே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு பொழுதுகூட எங்கள் வாசலில் வைக்க மாட்டார்.

அவர் என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அம்மா ஒரே ஒரு தடவை, சாமை புடைத்துக்கொண்டே, "அரிவாமனையப் போட்டிருக்கலாம் நீ" என்றாள். சொன்ன உடனே முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள். தடவியதும் ஞாபகம் இருக்கிறது, சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

பெங்களூர் ஆளை அப்படியே விட்டுவிட்டேனே. கிளம்பும் முன் அவன் ஒரு தாளை எடுத்தான். "நீங்கதானம்மா வீட்ல இருந்தீங்க? நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு மணி."

எழுதிக்கொண்டான். நான் சொன்னதை, சொன்னபடியே. நான் எட்டி அந்தத் தாளைப் பார்த்தேன்.

"தம்பி, இன்னொண்ணும் எழுதிக்க" என்றேன். என்னை அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "கள்ளக்குறிச்சிக்கு மேக்கால, மலையடிவாரத்துல ஒரு மாந்தோப்பு. அங்கயும் வுழுந்துச்சி. கெணத்துக்கு இந்தாண்ட மட்டும் வுழுந்துச்சி. நான் நேர்ல பாத்தேன். எழுதுப்பா."

பேனா நின்றது. "அம்மா, உள்ள வா" என்று மகள் என் தோளைப் பிடித்தாள். அவன் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டான்.

அவன் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் அப்பா அந்த மரங்களை வெட்டவில்லை. அன்று ஆலங்கட்டி விழுந்தது. கோடாலியை வாசலில் போட்டவள் நான்.